பழைய மூடிக்குள் புது பிக்கப்

திருப்புளி என்று கேட்டால் அந்தத் தெருவில் யாரும் கடையைக் காட்டிவிடுவார்கள். முப்பது வருடமாக கிட்டார் பழுது பார்க்கிறவர். "என் கையில திருப்புளி வழுக்கினதா சரித்திரமே இல்ல" என்று தானே அடித்துக்கொண்ட தம்பட்டம் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. யானைக்கும் அடி சறுக்கும் என்று யாராவது சொன்னால், "நான் யானை இல்லையே" என்பார்.

சறுக்கியது. அதுவும் மச்சான் கிட்டாரில். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். அந்தப் பழைய எலக்ட்ரிக் கிட்டாரை நாற்பது வருடமாக ஒரே குழுவில் வாசிக்கிறவர். கம்பிகளின் அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப், அடியிலிருந்த ஸ்பாஞ்ச் பொடிந்து ஆடிக்கொண்டிருந்தது. கழற்றி, புது ஸ்பாஞ்ச் வைத்து இறுக்க வேண்டும், அவ்வளவுதான். துருப்பிடித்த ஒரு திருகு அடம்பிடித்தது. இவரா விடுவார்? அழுத்தினார். வழுக்கிய முனை, தலைமுடியைவிட மெல்லிய செப்புக்கம்பிச் சுற்றைக் கிழித்துவிட்டது.

'கை தவறிடுச்சு மச்சான்' என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை, வீறாப்புதான் வந்தது. புது பிக்கப் ஒன்றைப் பொருத்தி, பழைய மூடியையே மேலே மாட்டிக் கொடுத்துவிட்டார்.

ஒரு மாதம் கழித்து மச்சான் சாப்பிட வந்தார்.

"மாப்ள, சத்தம் முன்ன மாதிரி இல்லப்பா."

"போகப் போகச் சரியாயிடும் மச்சான்."

"உன் வேலையில குறை இருக்காது. எனக்குத்தான் காது போயிடுச்சு போல."

"வயசாகுதுல்லண்ணே" என்று மனைவி குழம்பை ஊற்றினாள். திருப்புளி தட்டைவிட்டு நிமிரவில்லை. முதல் தப்பு கை செய்தது. இது அவரே செய்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அவருக்குக் கடையில் யார் திருப்புளியை எடுத்தாலும் குறுகுறுத்தது.

அடுத்த மாதம் மனைவி சொன்னாள்: "அண்ணன் குழுவுல இருந்து நின்னுட்டாராம். காது கேக்காதவன் மேடையில எதுக்குன்னாராம்."

அன்றைக்குக் கடையைத் திறக்கவில்லை. நேரே மச்சான் வீட்டுக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். திருகு, வழுக்கல், மூடி, பொய். எதையும் விடவில்லை. திட்டுவார், அடித்தாலும் அடிக்கட்டும் என்று தலைகுனிந்து நின்றார்.

"அப்ப என் காது நல்லாத்தான் இருக்கா?"

"நல்லா இருக்கு மச்சான். அந்த வித்தியாசத்த வேற எவனும் கண்டுபிடிச்சிருக்க மாட்டான்."

மச்சான் முகமெல்லாம் சிரிப்பாகி, "ஏய், எனக்குக் காது நல்லா இருக்காம்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். அவர் மனைவி வருவதற்குள் அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது.

"என் இடத்துக்கு வேற ஆளப் போட்டுட்டாங்களே மாப்ள" என்றார். "நானேதான் போய்ச் சொன்னேன், போடுங்கன்னு."