நான்காவது கோச்சுக்குப் பாடம் எடுப்பதாக இல்லை

இன்று போடியிலிருந்து வந்த பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். என் பக்கத்தில் தள்ளியவர் எங்கள் மில் மேனேஜர். மில் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் கால்பந்து அணிக்கு நான் உதவிப் பயிற்சியாளன்.

"மதுரையிலருந்து புது கோச் வாராக. நீங்கதான் வேலையச் சொல்லிக் குடுக்கணும்."

"முன்ன வந்த மூணு பேருக்குச் சொல்லிக் குடுத்தாச்சு. இவுகள எனக்கு அசிஸ்டெண்டாப் போடுங்க."

"அவுக பி.ஏ. படிச்சவுகய்யா."

"அப்பச் சீக்கிரம் கத்துக்கிருவாக."

"இப்படிப் பேசுனா உங்க வேலை போயிரும்."

"போனா அவுகளுக்கு யாரு சொல்லிக் குடுக்குறது?"

பஸ் கிளம்பியது. தேனி வந்து சேர்ந்தது. இறங்கியதும் தலைமைப் பயிற்சியாளர் பதவிக்கு மனு எழுதி அவர் கையிலேயே கொடுத்தேன்.

என் கடைசிக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் மேனேஜருக்குச் சொல்லி உதவலாம். எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.