மூன்று தரம் வெளிவந்த நாலு பாட்டு

தம்பியும் அவன் கூட்டாளிமாரும் சேர்ந்து ஒலிப்பதிவு செய்த நாலு பாட்டுகள் மூன்று தரம் வெளிவந்தன. மூன்று தரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. முதல் தரம் நான் பயந்தது ஊர் என்ன சொல்லும் என்றுதான். அது எவ்வளவு சின்னப் பயம் என்பது ஒரு மார்கழி ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரிந்தது.

எட்டாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவள் நான். அப்பா காய்ச்சலில் போன பிறகு அம்மா இடியப்பம் அவித்து விற்றார். நான் வீட்டில் சட்டை தைத்தேன். கதவைப் பூட்டினேனா, அடுப்பை அணைத்தேனா என்று பாயை விட்டு எழும்பி எழும்பிப் பார்ப்பது என் பிறவிக் குணம். தம்பி எனக்கு நேர்மாறு. அவனும் இன்னும் மூன்று பேரும் கிற்றாரும் டிரம்ஸுமாக ஒரு குழு வைத்திருந்தார்கள். அவர்கள் அதை றொக் என்றார்கள். அம்மா அதைச் சத்தம் என்றார்.

ஏறாவூரில் பாட்டுப் பதிந்து விற்கிற ரெக்கோடிங் பார் வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர்தான் அவர்களை மதித்தவர். கடையின் பின்னறைச் சுவரெல்லாம் பழைய மெத்தைகளைக் கட்டித் தொங்கவிட்டு, அதற்குள் அவர்களைப் பாட வைத்துப் பதிந்தார். ஒரு கசெட்டை நிரப்ப நாலு பாட்டுப் போதாது. “மிச்சத்துக்கு என்னடா போடுற?” என்று நானா கேட்டாராம். “ஒண்டும் போடாதீங்க நானா, சனம் பயந்து போய்க் கிடக்கட்டும்” என்றானாம் டிரம்ஸ் அடிக்கிற பொடியன். நாலாவது பாட்டில் சொல்லே கிடையாது. தம்பி தொண்டை கிழியக் கத்துவான், அவ்வளவுதான்.

டிரம்ஸ் அடிக்கிற பொடியனின் வீடு நாவலடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருந்த மணல் துண்டில். அவர்கள் வேதக்காரர்கள். நத்தார் முடிந்த மறுநாள் சேர்ச்சுக்குப் போய் வந்து, அவன் வீட்டு முற்றத்தில் வாசித்து, கசெட்டுகளை வந்தவர்களுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. பெட்டிகள் எல்லாம் அங்கேதான் இருந்தன. தம்பி காலையில் சைக்கிளில் புறப்பட்டான். கல்லடிப் பாலத்தில் ஏறும்போது கடல் பொங்கி ஊருக்குள் வந்தது. அவன் பாலத்தின் மேல் நின்று பார்த்தான். என்ன பார்த்தான் என்று இன்றுவரை எனக்குச் சொன்னதில்லை.

டிரம்ஸ் அடிக்கிற பொடியனும் அவன் தாயும் போய்விட்டார்கள். நாங்கள் அவர்களைத் தேடி நாவலடிக்குப் போனபோது வீடு இருந்த இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும் நின்றது. விழுந்து கிடந்த தென்னைகளின் மட்டைகளில் கசெட் நாடா சுற்றிக்கொண்டு, காற்றில் மினுங்கி மினுங்கி அசைந்தது. தம்பி அதை ஒவ்வொன்றாக இழுத்தெடுக்கத் தொடங்கினான். “விடு மனே, விடு” என்று அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிரதி எடுப்பதற்கென்று நானா வைத்திருந்த மூலக் கசெட் ஒன்று மட்டும் மிஞ்சியது.

அதன் பிறகு ஆமிக்கும் இயக்கத்துக்குமான சண்டை திரும்பவும் எங்கள் பக்கத்துக்கு வந்தது. வாகரைப் பக்கத்துச் சனம் மூட்டை முடிச்சோடு வந்து கூடாரங்களில் இருந்தார்கள். ஷெல் அடிக்கிற சத்தத்தில் என் தையல் மெசினின் ஊசி தானாகவே நடுங்கும். ஆளைத் தூக்கிக்கொண்டு போகிற வெள்ளை வான் என்ற சொல்லைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வோம். பிடிக்கிறவர் யார், எந்தப் பக்கம் என்பது பிடிபட்ட வீட்டுக்கும் தெரியாது. இளந்தாரி இருக்கிற வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டோம்.

அந்த நேரம் பார்த்து நானா சொன்னார், “கசெட் காலம் முடிஞ்சிட்டு. சீடியா அடிச்சுத் தாறன். மௌத்தாப் போன புள்ளைக்காக ஒரு தரம் வெளியில வரட்டும்.”

தம்பியின் கண்ணில் வெளிச்சத்தைக் கண்டேன்.

“பேர் போடக்கூடா. படமும் போடக்கூடா” என்றேன்.

“மறுகா எப்பிடிக்கா சனத்துக்குத் தெரியும் நாங்க எண்டு?”

“தெரியக்கூடா எண்டுதானே சொல்றன்.”

“அக்காக்கு விட்டா என்ட தொண்டையையும் அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டுவா” என்று அம்மாவிடம் முறையிட்டான். ஆனால் அம்மாவும் நான் சொன்னதையே சொன்னார். மற்ற இரண்டு பொடியன்களின் வீடுகளிலும் அதையே சொன்னார்கள். நானாவுக்கும் அது புத்தியான வேலையாகவே பட்டது. ஒரு எழுத்தும் இல்லாத வெள்ளை உறையில், ஒரு எழுத்தும் இல்லாத சீடியாக அது தயாரானது.

எங்கள் ஊரில் படமில்லாமல், பெயரில்லாமல் கைமாறுவது எந்தப் பாட்டு என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். கடைப்பாட்டு என்றால் மேலே நடிகையின் முகம் இருக்கும், பக்திப்பாட்டு என்றால் சாமிப் படம் இருக்கும். ஒன்றுமே இல்லாமல் வந்தால் அது புலிகளின் இயக்கப் பாட்டு. அவ்வளவு வருசம் அதற்குள்ளேயே வாழ்ந்த எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. ஒளிக்க நினைத்த கவலையில் கண் தெரியாமல் போய்விட்டது.

ஏறாவூரிலிருந்து ஒரு சொப்பிங் பை நிறையச் சீடியோடு பஸ்ஸில் வந்த தம்பியை ஆமிச் சென்றியில் சோதனைக்கு இறக்கினார்கள். பஸ் கொண்டக்டர்தான் எங்கள் வீட்டு வாசல் படலையில் வந்து சொன்னார், “அக்கா, தம்பிய மறிச்சு வச்சிருக்கானுகள். பை நிறைய அந்தச் சாமானாம்.”

அம்மாவும் நானும் ஓட்டோவில் போனோம். போகிற வழியெல்லாம் அம்மா அழவே இல்லை. முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தார். மண்மூட்டைக்குப் பின்னால் தகரக் கொட்டிலில் தம்பி குந்தியிருந்தான். சொண்டு வீங்கியிருந்தது. மேசையில் ஒரு ரேடியோவில் சீடி ஓடியது. நாலாவது பாட்டு. அந்த இடத்தில் அது பாட்டாகவே கேட்கவில்லை. யாரையோ அடிக்கிற மாதிரி இருந்தது.

ஆமி அதிகாரிக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். “இது நல்ல பாட்டு எண்டா ஏன் பேர் இல்லை?” என்றார்.

உங்களுக்கும் பயந்து, மற்றவர்களுக்கும் பயந்து பேரை விட்டோம் என்றா சொல்வது? “சேர், அவன்ட பாட்டுத்தான் சேர். அவன்ட குரல்தான்” என்றேன். யாருக்கும் தெரியக்கூடாது என்று நான் கட்டிக் காத்ததை என் வாயாலேயே சொன்னேன்.

“அப்ப பாடு” என்றார் அவனிடம்.

தம்பி குந்தியபடியே தொடங்கினான். பிறகு எழும்பி நின்றான். வீங்கிய சொண்டோடு, கண்ணை மூடிக்கொண்டு, நாலாவது பாட்டைக் கத்தினான். வாசலில் நின்ற இளம் ஆமிக்காரன் சிரித்தான். இன்னொருவன் மேசையில் தாளம் போட்டான். பாதியில் அதிகாரி கையை உயர்த்தினார். ரேடியோவையும் அணைத்தார். குரல் ஒன்றுதான் என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

விடுவதற்கு முன் தம்பியைச் சுவரோரம் நிறுத்திப் படம் எடுத்தார்கள். பெயரும் வீடும் எழுதிக்கொண்டார்கள். “அடுத்த தரம் பேர் போடு” என்றார் அதிகாரி. வரும் வழியில் தம்பி சொன்னான், “பாத்தியாக்கா, பேர் போட்டிருந்தா அடி மிச்சம்.” எனக்கோ, அவன் முகம் இப்போது ஒரு முகாமுக்குள் இருக்கிறது என்ற நினைப்பு மட்டும்தான்.

சண்டை முடிந்தது என்று வானொலியில் சொன்ன அன்று சந்தியில் வெடி கொளுத்தினார்கள். சென்றியில் வெற்றியைக் கொண்டாடிப் பாற்சோறு கொடுத்தார்கள். அம்மா இலையில் வாங்கி வந்து, தின்னவும் இல்லை, எறியவும் இல்லை; எறும்பு மொய்த்த பிறகு கோழிக்குப் போட்டார். தெருவில் கொடி பறந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் நேரே பார்க்கவில்லை.

தம்பி மட்டும் நானாவிடம் ஓடினான். மூன்றாம் தரம் சீடி கலர் உறையோடு வந்தது. நடுவில் அவன் முகம், கீழே பெரிய எழுத்தில் பெயர், அடியில் செத்துப்போன கூட்டாளியின் பெயர்.

“இனி என்னக்கா? எல்லாம் முடிஞ்சிட்டே” என்றான்.

“முடிஞ்சது சண்டை. பிடிச்சவனுகள் எல்லாம் வீட்டுக்குப் போயிட்டானுகளா?” என்றேன். அவன் உறையைக் கண்ணாடி மாதிரிப் பிடித்துத் தலைமயிரைச் சரிபண்ணினான்.

சீடி கடையில் தொங்கத் தொடங்கிய வாரமே நானா போன் எடுத்தார். “தங்கச்சி, மோட்டார் சைக்கிள்ல ஒருத்தன் வந்தான். ஒண்டு வாங்கினான். மறுகா இந்தப் பொடியன்ட வீடு எங்க எண்டு கேட்டான். நான் தெரியா எண்டுட்டன். நல்ல ஆளாவும் இருக்கலாம்...” அந்த ‘இருக்கலாம்’ எனக்குப் பிடிக்கவில்லை. அன்று பின்னேரமே தம்பியைக் கிரானில் மாமா வயல் செய்கிற வட்டைக்கு அனுப்பினேன். பையில் சட்டை வைக்கும்போது அவன் சிரித்தான், “ஒரு ரசிகன் வந்தா இப்பிடியா ஓடுறது?”

அந்த ஆள் வெள்ளிக்கிழமை மத்தியானம் மோட்டார் சைக்கிளில் வந்தார். படலைக்கு வெளியே நின்று, கையில் சீடியோடு, தம்பியின் பெயரைச் சொல்லிக் கேட்டார். மரியாதையான குரல். வெயில் கண்ணாடியைக் கழற்றவில்லை.

“அப்பிடி ஒராளும் இஞ்ச இல்ல” என்றேன்.

அவர் உறையில் இருந்த முகத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் அம்மாவின் மூக்கு, அம்மாவின் நாடி. அவசரப்படாமல், இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சரி தங்கச்சி. வந்தா, பாட்டு நல்லாரிக்கி எண்டு சொல்லுங்க” என்றார்.

அதன் பிறகு தம்பி வீட்டுக்கு வரவில்லை. வட்டையிலிருந்து நேரே கொழும்பு, அங்கிருந்து கட்டார். கடையில் தொங்கிய சீடியை எல்லாம் நானாவிடம் கேட்டு இறக்கிவிட்டேன். தம்பி இப்போது அங்கே ஏசி திருத்துகிறான், பாடுவதில்லை. போனில் எப்போதாவது சொல்வான், “எனக்கிருந்த ஒரே ரசிகனையும் துரத்திட்டியேக்கா.” அம்மா சிரிப்பார். நான் எழும்பிப் போய்ப் படலையில் கொளுக்கி போட்டிருக்கிறதா என்று பார்ப்பேன்.