எந்தப் பக்கம் பின்வாங்கியது

வேலூரில் நான் படித்த பள்ளியின் விஞ்ஞான அறையில் ஒரு கண்ணாடிக் குடுவை இருந்தது. சிறு தேங்காய் அளவு. காற்றை உறிஞ்சி எடுத்து மூடியது. உள்ளே ஓர் ஊசிமுனைமேல் நான்கு மெல்லிய தகடுகள் காற்றாடி போல் நின்றன. ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு பக்கம் வெள்ளிப் பளபளப்பு, மறுபக்கம் விளக்குக்கரி. வெயிலில் கொண்டுபோய் வைத்தால் யாரும் தொடாமலே சுற்றும்.

வெளிச்சம் பொருள்களைத் தள்ளும் என்பதற்கு இதுவே சாட்சி என்று விஞ்ஞான வாத்தியார் சொல்வார். வெள்ளியில் பட்ட வெளிச்சம் திரும்பித் தெறிக்கிறது, கரியில் பட்டது அங்கேயே தங்கிவிடுகிறது. தெறிக்கும் வெளிச்சத்துக்குத்தான் தள்ளும் பலம் அதிகம். ஆகவே வெள்ளிப் பக்கம் பின்வாங்குகிறது. அழகாகச் சொல்வார். எல்லாரும் எழுதிக்கொள்வோம்.

என் தகப்பனார் ஆம்பூரில் ஒரு தோல்ஷாப்பில் வேலை செய்தார். சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த தோலைக் கத்தியால் வழிப்பது அவர் வேலை. மயிர்ப்பக்கம் எது, சதைப்பக்கம் எது என்று கண்ணை மூடிக்கொண்டு விரலால் சொல்வார். பக்கம் மாறிக் கத்தி பட்டால் தோல் பாழ். எதைப் பார்த்தாலும் முதலில் பக்கத்தைப் பார்க்கும் பழக்கம் எனக்கு அந்த வீட்டில் வந்தது.

ஆகவே நான் பார்த்தேன். பின்வாங்கியது வெள்ளிப் பக்கம் அல்ல. எழுந்து நின்று, "சார், கறுப்புப் பக்கம்தான் பின்னால போவுது" என்றேன்.

அவர் குடுவையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அன்று திங்கட்கிழமை. விடுதியில் தங்கிப் படித்த நான், ஞாயிறு ஆம்பூர் வீட்டில் இருந்துவிட்டு, தோல் வாடை ஏறிய அதே சட்டையோடு வந்திருந்தேன்.

"தோல்ஷாப்புப் பயலுக்கு முன்பக்கம் ஏதுடா, பின்பக்கம் ஏது? உன் வாடை தாங்காம அது மூஞ்சியத் திருப்பிக்கிட்டு ஓடுது. வெளிய போய் நில்லு, சரியாச் சுத்தும்."

வகுப்பு சிரித்தது. அதன்பின் இரண்டு வருஷம் விஞ்ஞானப் பாடத்தை வராந்தாவில் நின்று ஜன்னல் வழியே கேட்டேன். நெமிலியிலிருந்து வந்த ஒருவன் எனக்குப் பின்பக்கம் என்று பெயர் வைத்தான். விடுதியில் சாப்பாட்டு மணி அடித்தால், "ஏ பின்பக்கம், சோறு போட்டாங்க, வர்றியா?" என்பார்கள். அந்தப் பெயரைப் பொறுத்துக்கொண்டேன். காலேஜில் விஞ்ஞானம் படிக்க அந்த வாத்தியாரின் சிபாரிசுக் கடிதம் வேண்டியிருந்தது. மூன்று தடவை போய்க் கேட்டேன். மூன்றாவது தடவை வேலைக்காரனை விட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். அதை மன்னிக்கவில்லை. இன்றும் இல்லை.

சென்னையில் ஒரு பத்திரிகையில் அச்சுப்பிழை திருத்துபவனாகச் சேர்ந்து, பிறகு செய்தி எழுதுபவனானேன். அலுவலக மேஜைக்குச் சீமையிலிருந்து ஒரு விஞ்ஞான வாரப் பத்திரிகை வரும். என்னைத் தவிர யாரும் அதைப் பிரிப்பதில்லை. அதில் இரண்டு விஷயம் தெரிந்துகொண்டேன். ஒன்று, அந்தக் குடுவையில் தகடுகளைச் சுற்றுவது வெளிச்சத்தின் தள்ளல் அல்ல. உள்ளே மிச்சமிருக்கும் கொஞ்சக் காற்றுக்கும் கரிப்பக்கத்தில் ஏறும் சூட்டுக்கும் உள்ள விவகாரம் அது. கறுப்புப் பக்கம்தான் பின்வாங்கும். நான் பார்த்தது சரி.

இரண்டாவது, வெளிச்சம் உண்மையாகவே பொருள்களைத் தள்ளுகிறது. காற்றை இன்னும் சுத்தமாக எடுத்துவிட்டு, மெல்லிய நூலில் சிறு தகட்டைத் தொங்கவிட்டு, அந்தத் தள்ளலை அளந்தே பார்த்துவிட்டார்கள். மிக மிகச் சொற்பம், ஆனால் உண்டு. அதாவது வாத்தியாரின் சாட்சி பொய், தீர்ப்பு சரி. அந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

சில வருஷம் கழித்து அந்தப் பள்ளியிலிருந்து எங்கள் பத்திரிகைக்கு அழைப்பு வந்தது. தலைமையாசிரியர் ஓய்வு பெறுகிறார். விஞ்ஞான வாத்தியாரை அந்த இடத்தில் வைக்கலாம் என்று நிர்வாகத்தார் யோசிக்கிறார்கள். ஆண்டு விழாவில் அவர் 'ஒளியின் வலிமை' பற்றிப் பேசுவார். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்து கேட்பார். வேறொருவர் போவதாக இருந்தது. நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ரயிலில் அரக்கோணம் தாண்டும்வரை கேட்க வேண்டிய கேள்வியை மனசுக்குள் சுருக்கிக்கொண்டே வந்தேன்.

காலை பத்து மணி. மைதானத்தில் பந்தல், அதற்கு முன்னால் வெயிலில் ஒரு மேஜை, மேஜைமேல் அதே குடுவை. வாத்தியாரின் தலை நரைத்திருந்தது. பேச்சு ஒரு வார்த்தை மாறவில்லை. கைதட்டல் அடங்கியதும் எழுந்தேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"எந்தப் பக்கம் பின்வாங்குகிறது என்று சபைக்குப் பார்த்துச் சொல்ல முடியுமா?"

"வெள்ளிப் பக்கம், சார்" என்றார், குடுவையைப் பார்க்காமலே.

வேகமாகச் சுற்றுவதால் தெரியவில்லை என்று சொல்லி, என் குடையை விரித்து மேஜைமேல் நிழல் பிடித்தேன். சுற்று தளர்ந்தது. தகடுகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிந்தன. இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து குனிந்தார். முதல் வரிசையே எழுந்து நின்றது. பின்னாலிருந்து யாரோ, "இன்னாங்க இது, கறுப்புல்ல பின்னால போவுது" என்றார்.

வாத்தியார் அப்போதுதான் பார்த்தார். தகடுகள் மூன்று சுற்றுச் சுற்றும்வரை பார்த்தார். பிறகு, குடுவையில் ஏதோ கோளாறு என்றார்.

"இத்தனை வருஷமும் இதே குடுவைதானா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"ஆமாங்க."

இன்ஸ்பெக்டர் போய் உட்கார்ந்தார். நான் குடையை மடக்கினேன். வெயில் பட்டதும் தகடுகள் மறுபடி வேகம் எடுத்தன. அந்தச் சத்தமில்லாத சுற்றலை அனுபவித்துப் பார்த்தேன்.

காப்பி கொடுத்தபோது அவர் என்னைத் தேடி வந்தார். எந்த ஊர் என்று கேட்டார். ஆம்பூர், தோல்ஷாப்பு என்றேன். யாரென்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதிலும் வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"அப்போ வெளிச்சத்துக்குத் தள்ளுற பலமே இல்லையாப்பா?"

கத்தரித்த காகிதம் என் சட்டைப்பையில் இருந்தது. எடுத்துக் கொடுக்க ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

"நான் செய்தி எழுத வந்தவன், சார். பாடம் சொல்ல வரவில்லை" என்றேன்.

செய்தி பதினோரு வரி. விழா நடந்தது, இன்னார் தலைமை வகித்தார், வெள்ளிப் பக்கம் பின்வாங்குவதாக ஆசிரியர் கூறினார், சபையோர் பார்த்தபோது கறுப்புப் பக்கம் பின்வாங்கிற்று, கருவியில் கோளாறு என்று ஆசிரியர் கூறினார். ஒரு சொல் கூட்டவில்லை. வெளிச்சம் தள்ளுமா தள்ளாதா என்பதைத் தொடவில்லை. தலைமையாசிரியர் பதவி வெளியூர்க்காரர் ஒருவருக்குப் போயிற்று.

பின்னால் கணியம்பாடிக்காரப் பையன் ஒருவன் எங்கள் அலுவலகத்தில் அச்சுக்கோர்க்க வந்தான். அந்த வாத்தியாரிடம் படித்தவன். குடுவையைப் பற்றி விசாரித்தேன். அலமாரியில் பூட்டிவிட்டாராம். பாடம் அந்த இடத்துக்கு வந்ததும், வெளிச்சத்துக்கு எதையும் தள்ளும் பலம் கிடையாது, எழுதிக்கொள்ளுங்கள் என்பாராம்.

முன்பு சரியான விஷயத்துக்குத் தப்பான சாட்சி சொன்னவர், இப்போது விஷயத்தையே தப்பாகச் சொல்கிறார். பையன்கள் வருஷா வருஷம் எழுதிக்கொள்கிறார்கள். ஒரு கார்டு எழுதிப்போட்டால் போதும் என்று எனக்குத் தெரியும். எழுதவில்லை.

அவர் இறந்தபோது மூன்று வரிச் செய்தியை நானே அச்சுக்குக் கொடுத்தேன். நல்லாசிரியர் என்று யாரோ சேர்த்திருந்தார்கள். அடித்துவிட்டு, ஆசிரியர் என்று மட்டும் விட்டேன். அந்தக் கத்தரித்த காகிதம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.