பஞ்சிலிருந்து பிழிந்தது

குழந்தைகள் ஆஸ்பத்திரி லேபில் சிறுநீர் வாங்கிச் சோதிக்கும் அந்த மனிதருக்குத் தாய்மார்கள் வைத்த பெயர் 'திரும்பிப் போ' சார். துணியிலோ பஞ்சிலோ பிழிந்து கொண்டுவந்தால் விடமாட்டார். "இதுல இருக்கிற கிருமி பிள்ளையோடதா, துணியோடதான்னு நான் ஜோசியமா பாக்கிறது? போய் நேரா கப்புல பிடிச்சிட்டு வாங்க!" காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோளில் போட்டிருப்பவள் கண்கலங்கினாலும் மசியமாட்டார். நியாயம் அவர் பக்கம்தான். வாய்தான் கொஞ்சம் நீளம்.

அப்பேர்ப்பட்டவரின் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. "பல்லு முளைக்குது" என்று தீர்ப்புச் சொன்னார். காய்ச்சல் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள்.

"சளி இல்ல, இருமல் இல்ல. யூரின் பாத்தே ஆகணும். கிருமி இருந்து கவனிக்காம விட்டா கிட்னியில தழும்பு விழலாம்" என்றார் டாக்டரம்மா. "பிடிக்க முடியலைன்னா சின்னக் குழாய் விட்டு எடுத்துக்கலாம்."

குழாய் என்றதும் அவர் முந்திக்கொண்டார். "வேணாம் டாக்டர், நானே பிடிச்சுத் தரேன்" என்று கப்பும் கையுமாக உட்கார்ந்தார். மகள் சிரித்தாள், கப்பைப் பிடுங்கினாள், அழுதாள். ஒரு சொட்டு விடவில்லை. மனைவி தண்ணீர் வாங்கப் போனாள். அவர் முகம் துடைக்கத் திரும்பிய நேரம் பார்த்து, பிள்ளையைத் துடைக்க வைத்து, அடியில் கிடந்த பஞ்சு நனைந்தது.

யாரும் பார்க்கவில்லை. பஞ்சைக் கப்பில் பிழிந்தார். "நேரா பிடிச்சது" என்று லேபில் வேலை பார்க்கும் பெண்ணிடம் கூசாமல் நீட்டினார்.

"கிருமி நிறைய இருக்குண்ணே, சீழும் தெரியுது" என்றாள் அவள். டாக்டரம்மா மருந்து எழுதப் பேனாவை எடுத்தார். பிழிந்தவருக்கு அப்போதுதான் உறைத்தது. பஞ்சின் அழுக்கை நம்பி மருந்து கொடுத்து, காய்ச்சலுக்கு வேறு காரணம் உள்ளே கிடந்தால்?

"டாக்டர், அது... பிழிஞ்சது."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். குழாய் வந்தது. மகள் வீறிட்டாள், அவரே காலைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சிறுநீரிலும் சீழும் கிருமியும் இருந்தன. மருந்து ஏறத் தொடங்கியது.

போன மானம் கொஞ்சம் திரும்பியது அவருக்கு. "பாத்தியா, நான் பிழிஞ்சதும் சரியாத்தான் இருந்திருக்கு!" என்றார், தண்ணீரோடு திரும்பி வந்திருந்த மனைவியிடம்.

"சரியா இல்லாம போயிருந்தா?" என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "உண்மையைச் சொல்ல உங்களுக்கு வாய் வராம போயிருந்தா, காய்ச்சல் ஏன் நிக்கலைன்னு நான் யார்கிட்டங்க போய்க் கேட்டிருப்பேன்?"

மகளின் பாதம் அவர் உள்ளங்கையில் சுட்டது. அவருக்கு அழுகை வந்தது.