பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் நடத்துகிற திட்டத்தில் அதைச் செய்வதுதான் வேலையே. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து வைத்த தமிழ்க் கோப்புகளை இப்போதைய கணினியில் படிக்கும்படி மாற்றித் தருகிற சின்ன மென்பொருள் அது. யாரும் சும்மா பயன்படுத்தலாம், அதன் நிரலை எடுத்துத் திருத்தியும் அனுப்பலாம். வருகிற திருத்தத்தைப் படித்து, ஓட்டிப் பார்த்து, சரியென்றால் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் காரணம் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு புள்ளியை மாற்றி அனுப்பிவிட்டு, கோயிலுக்கு ட்யூப்லைட் கொடுத்தவர் மாதிரி எங்கே என் பெயர் என்று கேட்பவர்களும் உண்டு. தென்காசியில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து நான் இவர்களோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து, வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டவள் என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டுப் போவார். அவர் சொல்வதில் தப்பில்லை.

தனியாகச் சமாளிக்க முடியாமல்தான் அண்ணாச்சியைச் சேர்த்துக்கொண்டேன். ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். குற்றாலத்தில் தம்பி நடத்துகிற லாட்ஜில் வரவேற்பு மேசையைப் பார்த்துக்கொள்கிறார். முதலில் ஒரு பிழையைச் சொல்ல எழுதினார், பிறகு தானே திருத்தி அனுப்பினார், அப்புறம் மற்றவர்கள் அனுப்புவதையும் சரிபார்க்கத் தொடங்கிவிட்டார். நானாக இருந்தால், போகட்டும், நல்ல பிள்ளை என்று சிலதை விட்டுவிடுவேன். அவரிடம் அது நடக்காது. திருத்தங்கள் வந்து சேர்கிற இணையதளத்தில் பெயர் போட வேண்டிய இடத்தில் தன் ராணுவ எண்ணைப் போட்டு வைத்திருந்தார். படம் கிடையாது. எழுதுவது ஆங்கிலத்தில், அதுவும் உத்தரவு மாதிரி: 'ஏற்கப்படவில்லை. இந்த வரியைப் பார்க்கவும். திருத்தி அனுப்பவும்.' வணக்கமும் இருக்காது, நன்றியும் இருக்காது. நேரிலோ அதிர்ந்துகூடப் பேசமாட்டார்.

போன சாரல் சமயத்தில் அவரிடமிருந்து போன் வந்தது.

"தங்கச்சி, இந்தப் பாக்குத வேலைய வேற யாருக்காவது குடுத்துரு. எனக்கு வேண்டாம்."

காரணம் கேட்டதற்கு, "சீசன்லா, கூட்டம்" என்றார். சீசனுக்கு லாட்ஜ் நிரம்புவது புதிதா என்ன? தளத்தைத் திறந்து, அவர் கடைசியாகப் பார்த்தவற்றைப் படித்தேன்.

சுந்தரபாண்டியபுரத்தில் இருந்து ஒரு பெண் எழுதிக்கொண்டிருந்தாள். என் சிநேகிதியின் தங்கை. இன்ஜினியரிங் படித்து, சென்னையில் வேலை பார்த்து, பிள்ளை பிறந்ததும் வீட்டோடு இருப்பவள். மறுபடி வேலைக்குப் போகுமுன் கை பழக வேண்டும் என்று என்னிடம் கேட்டுத்தான் சேர்ந்தாள். ஒரே திருத்தத்தை அவள் மாற்றி மாற்றி அனுப்ப, அண்ணாச்சி திருப்பித் திருப்பி அனுப்பியிருந்தார். போகப் போக அவள் எழுத்தில் சூடு ஏறியிருந்தது. 'உனக்கு இரக்கமே கிடையாதா?' 'சொன்னதையே சொல்லாதே.' புதிதாகத் திருத்தி அனுப்பியதன் கீழே, 'ஏ மெஷினே, உன்னோடு மாரடிக்க என்னால் முடியாது' என்று முடித்திருந்தாள். அதற்கு மட்டும் அண்ணாச்சியிடமிருந்து பதில் இல்லை.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கூலி வாங்காமல் உட்கார்ந்து படிக்கிற மனிதரை, வயதில் மூத்தவரை, இப்படியா பேசுவது? ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு குற்றாலம் போனேன்.

லாட்ஜ் வாசல் முழுக்க ஈரம். தலையில் எண்ணெயும் இடுப்பில் துண்டுமாக ஆட்கள் சாவி கேட்டு நின்றார்கள். ஒரு பெரியவர் சாவியை அருவியில் தொலைத்துவிட்டு வந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தார். "அதுக்கென்னய்யா, மொதல்ல தலையத் துவட்டுங்க" என்று அண்ணாச்சி மாற்றுச் சாவியை எடுத்துக் கொடுத்தார். கூட்டம் குறைந்ததும் பேச்சை எடுத்தேன்.

"அந்தப் பிள்ள எழுதுனதப் பாத்தேன் அண்ணாச்சி. அவள நான் கேக்கேன். நீங்க எதுக்கு வெலகுதிய?"

"அவள ஒண்ணும் கேக்காத. அவ சொன்னது புதுசு இல்ல," என்றார். "வீட்லயும் அதத்தான் சொல்லுதாவ. லீவுக்கு வந்துட்டுப் போற வரைக்கும் நல்ல அப்பா. மொத்தமா வந்து உக்காந்த பொறவு, மெஷின் மாதிரிப் பேசுதாருங்காவ. எனக்கும் மாத்திக்கிட வரல. இதுலயாவது ஒரு ஆளா இருக்கோம்னு நெனச்சேன்."

குரலை உயர்த்தாமல் இதைச் சொல்லிவிட்டு மேசையில் சிந்தியிருந்த தண்ணீரைத் துடைத்தார். அவர் எதிரிலேயே அவளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். மன்னிப்புக் கேட்க வைக்காமல் விடுவதில்லை என்றிருந்தேன்.

"ஏட்டி, ஒரு பெரிய மனுசங்கிட்ட இப்படியா எழுதுவாவ? மெஷினுங்குத, இரக்கம் இல்லங்குத. என்னட்டி பேச்சு இது?"

"எந்தப் பெரிய மனுசன் அக்கா?"

"ஒந் திருத்தத்தப் பாக்காவல்லா, அவியதான்."

அவள் பக்கம் குழந்தை சிணுங்கியது.

"அது ஆளா அக்கா?" என்றாள். "பேருக்குப் பதிலா நம்பரு. எப்ப அனுப்புனாலும் ஒடனே பதிலு, அதுவும் ஒரே மாதிரி. தானாப் பதில் போடுத புரோகிராம்னுல்லா நெனச்சேன்."

பெரிய திட்டங்களில் அப்படி ஒன்றை வைத்திருப்பார்கள். அது எங்களிடமும் இருப்பதாக எண்ணி, இத்தனை நாளும் அதோடு சண்டை போட்டிருக்கிறாள். அண்ணாச்சி துடைப்பதை நிறுத்திவிட்டுப் போனையே பார்த்தார்.

"மனுசன்னு தெரிஞ்சிருந்தா இத்தன தடவ அனுப்பித் தொந்தரவு குடுத்திருப்பனா? மெஷினுக்கு என்ன வலிக்கவா போவுதுன்னுதான் கூசாம அனுப்புனேன்," என்றவள் சட்டென்று நிறுத்தினாள். மறுபடி பேசியபோது குரல் மாறியிருந்தது. "அப்பம், நான் அனுப்புனத எல்லாம் ஒரு ஆளு உக்காந்து படிச்சாவளா? அவ்வளவையுமா? வேலைய விட்டதுல இருந்து நான் செய்யுதத யாரும் என்னன்னுகூடக் கேட்டதில்லக்கா."

அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் துணியைக் கீழே வைத்துவிட்டு மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துத் திறந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனுக்கு அருகில் குனிந்தார்.

"ஒரு வரி விடாமப் படிச்சேம்மா," என்றார். "கடைசியா அனுப்புனத மட்டும் இன்னும் பாக்கல. போன வச்சிராத, இப்பமே பாத்துச் சொல்லுதேன்."