டிரைவரக்கா வைத்த சிவப்புப் புள்ளி

கம்ப்யூட்டர் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வியிலேயே டிரைவரக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பையனுக்கா மேடம்?"

கேட்டது அவளிடம். பார்த்தது என்னவோ பக்கத்தில் நின்ற அவள் தம்பியை.

"எனக்குப் பையனே கிடையாது. எனக்குத்தான்."

"ஓ, உங்களுக்கா? ஆபீஸ் வேலையா?"

"விளையாட. பஸ் ஓட்டற கேம். ஸ்டியரிங், பெடல் எல்லாம் வெச்சு ஓட்டணும்."

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு மறுபடியும் தம்பியைப் பார்த்தார். நாற்பத்தெட்டு வயதுப் பெண்ணுக்குக் கேம் எதற்கு என்று அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. முகமே கேட்டது. கேட்டால் கேட்கட்டுமே! எத்தனையோ பேர் எத்தனையோ வீண் செலவு செய்கிறார்கள், அவர்களையெல்லாம் இப்படி யாராவது மேலும் கீழும் பார்க்கிறார்களா?

பத்தொன்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டியவள் அவள். ரயில் நிலையத்தில் எடுத்தால் பெரிய ஆஸ்பத்திரி வரை, அங்கிருந்து மறுபடி ரயில் நிலையம், ஒரு நாளைக்கு எட்டு நடை. அந்தப் பத்தொன்பது வருடத்தில் ஸ்டியரிங் பிடித்த கையால் ஒரு தடவைகூட அவள் போனைத் தொட்டதில்லை. வீடு பற்றி எரிந்தாலும் சரி, ஷிஃப்ட் முடிந்த பிறகுதான் எடுப்பாள். "உனக்குப் போன் எதுக்குக்கா, வித்துடு" என்று தம்பி கிண்டல் செய்வான்.

போன வருடம் முதுகில் ஒரு வட்டு நழுவியது. இடது கால் மரத்துப்போனது. கிளட்ச்சை மிதித்தால் மிதித்தோமா இல்லையா என்பதே தெரியவில்லை. டாக்டர் ஒரு கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான், டிப்போவில் அவளைத் தூக்கித் தொலைந்த பொருள் அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். குடை, டிபன் பாக்ஸ், ஒற்றைச் செருப்பு. காலையிலிருந்து சாயங்காலம் வரை இவற்றுக்குக் காவல். ஜன்னலுக்கு வெளியே எவனாவது கியரைக் கறகறவென்று அரைத்துக்கொண்டு வண்டியை எடுப்பான். "பாவி, இஞ்சினைக் கொல்றானே" என்று இவளுக்கு வயிறு எரியும்.

அந்த எரிச்சலில்தான் இந்த யோசனை பிறந்தது. கம்ப்யூட்டரில் ஓட்டுவதற்கு இடது கால் வேண்டாம், கியர் தானாக மாறும் என்று டிப்போ மெக்கானிக் போனில் ஒரு படம் காட்டினார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். பதினோரு மாதம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தாள். தம்பி கம்ப்யூட்டரில் புலி என்று குடும்பத்தில் எல்லோரும் சொன்னதால் அவனைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள்.

புலி முதலில் பாய்ந்தது பெட்டியின் மேல். பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே ஏழு நிறத்தில் சுழலும் விளக்கு.

"இதை எடுக்கா. சும்மா அள்ளும்."

"லைட்டு இழுக்குமாடா?"

"என்ன?"

"வண்டிய எது இழுக்குது? அதச் சொல்லு மொதல்ல."

தம்பிக்குப் புரியவில்லை. கடைக்காரருக்குப் புரிந்தது. அப்போதுதான் அவர் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார். "கேமுக்கு இழுக்கறது கிராஃபிக்ஸ் கார்டுதான் மேடம். படம் திக்காம ஓடறது அதுலதான் இருக்கு. ப்ராசஸர் சுமாரா இருந்தாப் போதும். ஆனா பவர் சப்ளைல மட்டும் கை வெக்காதீங்க, மட்டமானது போட்டா ஒருநாள் மத்ததையும் சேத்து எரிச்சிடும்."

"அப்ப பெட்டி எதுவா இருந்தா என்ன?"

"எதுவா இருந்தாலும் ஒண்ணுதான்."

"அப்ப அந்தத் தகரப் பெட்டியக் குடுங்க. லைட்டெல்லாம் வேணாம், நான் என்ன கடை தொறக்கப் போறேனா? கீபோர்டு இருக்கறதுலயே கம்மியானது. மிச்சம் புடிக்கறதையெல்லாம் கார்டுல போடுங்க."

ஒரு மணி நேரம் ஆனது. அவள் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் தம்பி வாய் திறப்பதற்குள் கடைக்காரர் பதில் சொன்னார். கடைசியில் மேசை மேல் எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தன. தம்பி அந்த கிராஃபிக்ஸ் கார்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "என்கிட்டகூட இது இல்லக்கா," என்றான். அப்போதே உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

டிரைவரக்கா கைப்பையைத் திறந்து சிவப்பு நகப்பாலிஷை எடுத்தாள். கார்டின் ஓரத்தில் ஒரு புள்ளி. மதர்போர்டில் ஒன்று. பவர் சப்ளையில் ஒன்று.

"என்ன மேடம் இது? எங்க மேல நம்பிக்கை இல்லையா?"

"யார் மேலயும் இல்லண்ணே. பழக்கம்."

டிப்போவில் அது எல்லா ஓட்டுநர்களுக்கும் உள்ள பழக்கம். புது பேட்டரி போட்ட வண்டியை இரவு விட்டுவிட்டுப் போனால் காலையில் வேறு வண்டியின் செத்த பேட்டரி அதில் உட்கார்ந்திருக்கும். கேட்டால், ஸ்டோர்ஸ்காரர் மேல் மெக்கானிக்கும் மெக்கானிக் மேல் ஸ்டோர்ஸ்காரரும் பழி போடுவார்கள். அதனால் ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம். சிலர் பெயிண்ட், சிலர் சுண்ணாம்பு. அவளுக்கு நகப்பாலிஷ்.

"டூல்ஸ் எல்லாம் என் வீட்லதான்க்கா இருக்கு. நானே மாட்டி எடுத்துட்டு வரேன்," என்றான் தம்பி. கூடப் பிறந்தவனாயிற்றே, கொடுத்தனுப்பினாள். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை என்பது அப்போது யாருக்குத் தெரியும்?

மூன்றாம் நாள் கம்ப்யூட்டர் வந்தது. அவள் கணவர் தையல்காரர். துணி வெட்டும் பெரிய மேசையில் பாதியைக் காலி செய்து கொடுத்தார், நாற்காலியில் இடுப்புக்கு ஒரு தலையணையும் தைத்துப் போட்டார். டிரைவரக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தாள். திரையில் மழை, வழுக்கும் சாலை, முன்னால் ஒரு வளைவு. ஒடித்தாள்.

வண்டி வளைந்தது. ஆனால் அவள் ஒடித்து ஓர் இமைப்பொழுது கழித்து வளைந்தது.

மறுபடி ஒடித்தாள். மறுபடியும் அதே தாமதம். நாற்சந்தி வந்தால் திரை திக்கித் திக்கி நின்று, பிறகு ஒரேயடியாகத் தாவியது. அதற்குள் ஒரு கம்பத்தில் மோதியிருந்தாள். அவள்! பத்தொன்பது வருடத்தில் ஒரு சைக்கிளைக்கூட உரசாதவள்!

"வண்டி நான் சொல்றதக் கேக்கலடா," என்றாள்.

தம்பி சிரித்தான். "கேம்னா அப்படித்தான்க்கா இருக்கும். உனக்கும் வயசாச்சுல்ல? கை ஸ்லோவாயிடுச்சு. போகப் போகச் சரியாயிடும்."

கை ஸ்லோவாகிவிட்டது. அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. கால் போனபோதுகூட அவள் இப்படி ஆடிப்போகவில்லை. கால் போனால் என்ன, கை இருக்கிறது, கண் இருக்கிறது, நான் இன்னும் டிரைவர்தான் என்று ஒரு வைராக்கியம் இருந்தது. இப்போது அதுவும் ஆட்டம் கண்டுவிட்டது. டிப்போவில் குடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஐந்து நாள் ஓட்டினாள், ஐந்து நாளும் மோதினாள். ஆறாம் நாள் ஒரு பழைய படுக்கை விரிப்பை எடுத்துக் கம்ப்யூட்டர் மேல் போர்த்தினாள்.

"என்னம்மா, பொணத்த மூடற மாதிரி மூடற?" என்றார் தையல்காரர்.

"மூடத்தான் வேணும். நான் செத்த டிரைவர்."

"அபசகுனமாப் பேசாத. தள்ளு, நான் ஒரு நட ஓட்டறேன்."

அந்த மனிதர் வாழ்க்கையில் தையல் மிஷினைத் தவிர எதையும் மிதித்ததில்லை. விரிப்பை எடுத்துவிட்டு உட்கார்ந்து, ஸ்டியரிங்கைக் கத்தரிக்கோல் மாதிரி பிடித்துக்கொண்டு எடுத்த எடுப்பில் நடைபாதையில் ஏற்றினார். வேறு நாளாக இருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அன்று சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது கை அவளுடையது இல்லை. ஆனாலும் திரை அதே நாற்சந்தியில் திக்கியது. அவர் ஸ்டியரிங்கைத் தொடாமல் மூக்கைச் சொறிந்துகொண்டிருந்த நேரத்திலும் திக்கியது.

"எறங்குங்க," என்றாள். குரல் மாறிவிட்டது. "கோளாறு எனக்கில்ல. வண்டிக்கு."

மறுநாள் காலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு இருவரும் கடைக்குப் போனார்கள். டிப்போ அனுபவம் யாரைச் சந்தேகப்படச் சொல்லும்? சாமான் கொடுத்த ஸ்டோர்ஸைத்தான். கடை வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"பழசத் தலைல கட்டிட்டீங்களேண்ணே! பொம்பளதானே, பெருசா என்ன தெரியப் போகுதுன்னு நெனச்சீங்களா? எத்தன பேர இப்படி ஏமாத்தறீங்க?"

கடையில் இருந்த நாலைந்து பேர் திரும்பினார்கள். கடைக்காரர் முகம் சிவந்தது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் தகரப் பக்கத்தைக் கழற்றினார், டார்ச் அடித்தார், அவளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"மதர்போர்டுல புள்ளி இருக்கா?"

"இருக்கு."

"பவர் சப்ளைல?"

"இருக்கு."

"கார்டுல?"

இல்லை. விசிறியில் நாலு வருடத் தூசி அப்பியிருந்தது. அவள் வாங்கின கார்டுக்கு இரண்டு விசிறி, இதற்கு ஒன்றுதான்.

இந்தப் பெட்டி கடையிலிருந்து நேராக யார் வீட்டுக்குப் போனது? கண்ணாடி வைத்த பெட்டியாக இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். தகரம் போதும் என்று அவள்தானே சொன்னாள்.

"என்னை மன்னிச்சிடுங்கண்ணே," என்றாள். திட்டின அதே சத்தத்தில், அந்த நாலைந்து பேர் காதிலும் விழும்படி சொன்னாள். "உங்க மேல தப்பில்ல. தப்பு என் வீட்டுல."

பெட்டியை அங்கேயே கணவரோடு விட்டுவிட்டுப் பேருந்து பிடித்தாள். வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தம்பி முதல் கம்ப்யூட்டர் வாங்க ஆசைப்பட்டபோது இரண்டு மாதம் டபுள் டியூட்டி பார்த்தவள் யார்? அந்த முதுகு எதில் தேய்ந்தது?

தம்பி வீட்டுக் கதவு சாத்தியிருந்ததே தவிர பூட்டியிருக்கவில்லை. உள்ளே அவன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு யாரையோ சுட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் பெட்டி, கண்ணாடி வைத்த பெட்டி. ஏழு நிற விளக்கும் மாறி மாறி எரிந்தது. அத்தனை வெளிச்சத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கார்டின் ஓரத்தில் சிவப்பாக ஒரு புள்ளி.

ஹெட்போனைப் பிடித்து இழுத்தாள்.

"அது என்னடா?"

"அக்கா! எப்ப வந்த? உக்காரு, டீ போடறேன்..."

"அது என்னன்னு கேட்டேன்."

அவன் கண்ணாடியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "ரெண்டு மாசம்தான்க்கா. எங்க டீமுக்கு மேட்ச் இருக்கு. முடிஞ்சதும் மாத்திடலாம்னுதான்... நீ சும்மா பஸ்ஸ உருட்டப் போற. உனக்கு வித்தியாசமே தெரியாதுன்னு நெனச்சேன்."

கேட்டிருந்தால் கொடுத்திருப்பாளா? மாட்டாள். பதினோரு மாதம் வயிற்றைக் கட்டியது அவன் மேட்ச்சுக்காக இல்லை. ஆனால் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது அதற்காக இல்லை.

"எடுத்தியே, அதுகூடப் போகட்டும். கை ஸ்லோவாயிடுச்சுன்னு சொன்னியேடா. சொல்லும்போதே உனக்குத் தெரியும், கை இல்ல, கார்டுன்னு. தெரிஞ்சே சொன்ன. அஞ்சு நாளா இந்தக் கையப் பார்த்துப் பார்த்து நான் செத்தேன். உங்க மாமா இல்லன்னா இன்னும் அப்படியே நம்பிட்டு உக்காந்திருப்பேன்."

"அக்கா, தெரியாம..."

"கழட்டு."

"மேட்ச் நடுவுல இருக்கேன்க்கா. ஒரு பத்து நிமிஷம். நான் போயிட்டா டீமே தோத்துடும்."

நடுவழியில் வண்டியை நிறுத்தி ஒரு பயணியைக்கூட இறக்கிவிட்டதில்லை டிரைவரக்கா. அவளே இப்போது குனிந்து சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தாள். ஏழு நிறமும் ஒன்றாகச் செத்தன. அவன் கழற்றிக் கொடுக்கும் வரை தலைக்கு மேலேயே நின்றாள். வாங்கித் துணிப்பையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தாள்.

கடைக்குத் திரும்பியதும் கடைக்காரர் அதை மாட்டிக் கொடுத்தார், கூலி வாங்க மறுத்துவிட்டார். "எப்படி ஓடுதுன்னு மட்டும் வந்து சொல்லுங்க மேடம்," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காக விடாமல் உட்கார்ந்தாள். அதே மழை, அதே வளைவு. ஒடித்தாள். வளைந்தது. கை திரும்பிய அந்த நொடியிலேயே வளைந்தது. நாற்சந்தியில் திரை திக்கவில்லை. பின்பக்கக் கண்ணாடியில் ஒரு மோட்டார் சைக்கிள் வருவதைப் பார்த்து அரை அடி ஒதுங்கி வழிவிட்டாள். தையல்காரர் ஊசியில் நூல் கோப்பதை விட்டுவிட்டுப் பின்னால் வந்து நின்றார்.

"கேக்குதா?"

"கேக்குது," என்றாள். கண் கலங்கியது, துடைக்கக் கையை எடுக்கவில்லை.

போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது.

"உன் தம்பிம்மா. இது நாலாவது தடவ. அழறான் போல."

"வண்டி ஓட்டும்போது நான் போன் எடுக்கறதில்லன்னு சொல்லுங்க."

தையல்காரர் போனைக் காதில் வைத்து அப்படியே சொன்னார். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு, "எப்ப ஷிஃப்ட் முடியும்னு கேக்கறான்," என்றார்.

டிரைவரக்கா சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இப்பத்தான் டிப்போவ விட்டுக் கெளம்பியிருக்கேன்னு சொல்லுங்க."