சுவருக்கு அந்தப் பக்கம் வளர்ந்த பிள்ளை

என் மகன் குண்டாக இருந்ததில் எனக்குக் கொள்ளைப் பெருமை. அதை ஒளிப்பானேன்? மூன்று வயதில் பத்தொன்பது கிலோ. இடுப்பில் வைத்துக்கொண்டு அருப்புக்கோட்டை பஜாரில் நடந்தால் கன்னத்தைக் கிள்ளாமல் யாரும் போகமாட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவேன்.

அந்தப் பெருமையில் மண்ணைப் போட்டது போனில் இருந்த ஒரு ஆப். தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்சம்மா ஏற்றிக் கொடுத்தது. மாதம் ஒருமுறை பிள்ளையின் எடையையும் உயரத்தையும் அதில் போடவேண்டும். போட்டால் ஒரு கோடு நீளும். பச்சைப் பட்டைக்குள் ஓடினால் நல்லது. மேலே மஞ்சள், அதற்கும் மேலே சிவப்பு. வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்காக ஒரு பெண் குரல் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லும். பெயரைப் பதிந்திருப்பதால் பிள்ளையைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். எந்த ஊர்க்காரி என்று கண்டுபிடிக்க முடியாத தமிழ். கோபமே வராத குரல். எனக்கு அப்படிப்பட்டவர்களைக் கண்டாலே ஆகாது.

என் மகனின் கோடு சிவப்புக்குள் போனதும் அந்தக் குரல் டாக்டரைப் பார்க்கச் சொன்னது. டாக்டர் அவன் முதுகில் கருவியை வைத்து வெகுநேரம் கேட்டார். ராத்திரி குறட்டை விடுவானா, மூச்சு நின்று நின்று வருமா என்று விசாரித்தார். ஆமாம் என்றேன்.

"இது புஷ்டி இல்லம்மா. தூக்கத்துல மூச்சுக்கு மல்லுக்கட்டுறான். எடை ஏறுறத இப்பவே நிப்பாட்டலேன்னா பள்ளிக்கூடத்துக்குப் போறதுக்குள்ள பெரியாளுகளுக்கு வர்ற வியாதியெல்லாம் வந்துரும்" என்றார்.

அன்றிலிருந்து நான் அந்தக் குரலுக்கு அடிமை. பிஸ்கட்டை நிறுத்தினேன். டப்பா மாவு கரைத்த பாலை நிறுத்தினேன். போனைக் காட்டிச் சோறு ஊட்டுவதை நிறுத்தியபோது இரண்டு நாள் அவன் போட்ட கூப்பாட்டில் தெருவே திரும்பிப் பார்த்தது. எடை குறையவேண்டாம், ஏறாமல் நின்றால் போதும், உயரம் கூடக்கூடச் சரியாகிவிடும் என்றது குரல். ஆனால் எடை நிற்கவில்லை. அடுத்த மாதமும் ஏறியது. அதற்கடுத்த மாதமும் ஏறியது. "நீ ஒளிச்சு வச்சுக் குடுக்குற" என்று மினி லாரி ஓட்டுகிற என் வீட்டுக்காரர் என் மேலேயே பாய்ந்தார். நான் பதிலுக்குப் பாய்ந்தேன்.

எங்களுடையது ஐந்து வீடுகள் வரிசையாக, ஒட்டிய சுவர்களோடு நிற்கிற காம்பவுண்டு. பின்னால் பொது முற்றம். நான் முன்னறையில் மோட்டார் மெஷினில் நைட்டி தைப்பேன். மத்தியானம் மகன் பின்னறையில் தூங்குவான். மெஷின் ஓடினால் இடி விழுந்தாலும் எனக்குக் கேட்காது.

பக்கத்து வீட்டில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும். அவர் திருச்சுழிப் பக்கம் போய் மிளகாய் வத்தல் வாங்கி வந்து வீட்டில் அடுக்கி, விலை வந்ததும் விற்கிறவர். அதனால் காம்பவுண்டு முழுக்கவே நெடிதான். அந்தப் பெண்ணும் நானும் ஒரே வாரத்தில் பிள்ளை பெற்றோம். தடுப்பூசி வரிசையில் முன்னும் பின்னுமாக நின்றோம். நர்சம்மா இரண்டு பேர் போனிலும் அடுத்தடுத்து ஆப்பை ஏற்றினார். அவள் பிள்ளை ஒன்பது மாதத்தில் இளைத்து, காய்ச்சல் கண்டு, மதுரை பெரிய ஆஸ்பத்திரியில் இறந்துபோனது. அதன்பிறகு அவள் அதிகம் வெளியே வருவதில்லை. அந்தப் பிள்ளையின் பெயரைக் காம்பவுண்டில் யாரும் வாயால் சொல்வதில்லை.

ஒரு நாள் ராத்திரி மகனுக்குத் தட்டில் இட்லி வைத்தேன். தள்ளிவிட்டான்.

"வயிறு ரொம்பிருச்சு. அம்மா குடுத்துச்சு."

"நான் எங்கடா குடுத்தேன்?"

"நீ இல்ல. அந்த அம்மா."

எந்த அம்மா என்று கேட்டால் சிரித்தான். அவ்வளவுதான். ஒரு நாள் தூங்கி எழுந்தவன் பாதம் எரிகிறது என்று அழுதான். பார்த்தால் உள்ளங்காலில் சிவப்பாக மிளகாய்த் தூள். முற்றத்தில் மிதித்திருப்பான் என்று கழுவிவிட்டேன்.

இன்னொரு நாள் பின்னறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். ம்ஹூம்.

"அங்க என்னடா பாக்குற?"

"கூப்பிடுவாக."

"யாரு?"

"போனு அம்மா."

அன்றைக்கே என் போனை அணைத்துப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். எதையாவது பார்த்துப் பயந்திருப்பான் என்றார்கள் காம்பவுண்டுப் பெண்கள். பள்ளிவாசலுக்குத் தூக்கிப்போய் ஓதிக் கயிறு கட்டி வந்தேன். கயிறு கட்டிய கையோடும் அவன் மத்தியானமானால் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்தான்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் கரண்ட் போனது. மெஷின் நின்றது, ஃபேன் நின்றது. காற்று அசையாத வெயில். அந்த அமைதியில் ஆப்பின் குரல் கேட்டது. என் போன் பீரோவுக்குள் அணைந்து கிடக்கிறது. குரல் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது.

ஒரு பிள்ளையின் பெயரைச் சொன்னது. என் மகன் பெயர் இல்லை. காம்பவுண்டில் யாரும் சொல்லாத பெயர்.

"செல்லத்துக்கு இப்போது மூன்று வயது, இரண்டு மாதம். இந்த மாத எடையைப் பார்க்கலாமா?"

உடனே ஒரு பிள்ளை கெக்கெக்கே என்று சிரித்தது. அது என் மகனின் சிரிப்பு.

பின்னறைக்கு ஓடினேன். பாய் காலி. திறந்து கிடந்த பின்கதவு வழியாக முற்றத்தில் இறங்கி அவள் வீட்டுப் பின்வாசலைத் தள்ளினேன். இருட்டில் மிளகாய் மூட்டைகள். நடுவில் மூட்டை போடுகிற எடை மெஷின். அதன்மேல் என் மகன் நேராக, கைகளை ஒட்டி வைத்துக்கொண்டு, ரொம்ப நாள் பழகியவன்போல நின்றான். வாயைச் சுற்றி நெய். கீழே ஒரு கிண்ணத்தில் நெய்யும் சீனியும் போட்டுப் பிசைந்த சோறு. அவள் குந்தி உட்கார்ந்து மெஷினைப் பார்த்துப் போனில் தட்டிக்கொண்டிருந்தாள்.

சொல்லக்கூடாத ஒரு வார்த்தை என் தொண்டைவரை வந்துவிட்டது. வாய்விட்டிருந்தால் அவள் செத்திருப்பாள். அதற்குள் அவள் கையிலிருந்த போன் கண்ணில் பட்டது. மேலே பல் முளைக்காத ஒரு குழந்தையின் படம். அதன் கீழே கோடு. முதலில் சரிந்து, பிறகு கொஞ்ச தூரம் ஒன்றுமே இல்லாமல், அப்புறம் திடீரென்று எழும்பிச் சிவப்புக்குள் ஏறிப்போயிருந்தது. அந்த ஏற்றம் எனக்கு மனப்பாடம். என் மகனுடைய கோடு அது. செத்துப்போன பிள்ளையின் படத்துக்குக் கீழே வளர்ந்துகொண்டிருந்தது.

"என்னத்தா பண்ற?" என்றேன்.

"அது கேட்டுக்கிட்டே இருக்குதுக்கா" என்றாள். "எடை பாத்தீங்களா, எடை பாத்தீங்களான்னு. நான் என்னத்தப் போட? ஒரு மாசம் போடல, ரெண்டு மாசம் போடல, வருசமே ஓடிப்போச்சு. மறந்துட்டீங்களான்னு கேக்குது. மறப்பனாக்கா? ஒருநாளு ஆப்பையே அழிச்சேன். மறுநாளே அதே கொரல் போனடிச்சுக் கேக்குது. அப்பத்தான் உங்க புள்ள பின்வாசல்ல வந்து நின்னான். தூக்கி நிறுத்திப் போட்டேன். அருமைன்னுச்சு."

"சோறு எதுக்குக் குடுத்த?"

"கோடு எறங்கிருமேன்னு. எம்புள்ளைக்கு மொதல்ல கோடுதான எறங்குச்சு. அப்பறந்தான காய்ச்ச வந்துச்சு."

"செவப்புல கெடக்கே, கண்ணு தெரியலையா ஒனக்கு?"

"மேலதானக்கா இருக்கு" என்றாள்.

நான் மகனைத் தூக்கிக்கொண்டேன். வயிறு முட்டத் தின்றவன் என் தோளிலேயே தூங்கிவிட்டான். சற்று நேரத்தில் மூச்சு இழுத்தது, நின்றது, நெஞ்சு தவித்தது, மறுபடி வந்தது. "கிட்ட வந்து கேளு. நீ ஊட்டுன சோறு பண்ற வேல இது" என்றேன். அவள் காதை அவன் மார்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். மூச்சு நின்ற இடத்தில் அவள் முகமும் நின்றுபோனது. நான் வீட்டுக்கு வந்து பின்கதவைத் தாழ்ப்பாள் போட்டேன்.

தாழ்ப்பாளால் என்ன ஆகும்? குரல் சுவர் வழியாக வருமே. ஒரு வாரம் கழித்து மத்தியானத்தில் மறுபடி அந்தப் பெயரைக் கூப்பிட்டது. பாயில் கிடந்த என் மகன் சட்டென்று எழுந்து கதவுக்கு ஓடி, இரண்டு கையாலும் தட்டினான். "வாரேன், வாரேன்" என்றான். வேறொரு பிள்ளையின் பெயருக்கு என் பிள்ளை பதில் சொல்கிறான். நான் அவனை இழுத்து மடியில் அழுத்திப் பிடித்தேன். எனக்கு அவ்வளவு பயம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் முன்வாசலில் அவள் நின்றாள். அவன் தட்டியது அவளுக்கும் கேட்டிருக்கிறது. போனை என்னிடம் நீட்டினாள்.

"பேர எடுத்துருங்கக்கா. எனக்குத் தெரியல. அது கூப்பிடுற வரைக்கும் இவனும் வருவான், நானும் ஊட்டிருவேன்."

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம். ஆப்புக்குள் தேடித் தேடி, பெயரை நீக்குகிற இடத்தைக் கண்டுபிடித்தேன். அழுத்தினால், காரணம் கேட்டது. தவறான பதிவு. ஐந்து வயது நிறைவு. வேறு ஊருக்கு மாற்றம். மூன்றுதான். இன்னும் கீழே இருக்கும் என்று திரையைத் தள்ளிப் பார்த்தேன். இல்லை. பிள்ளைகள் இறந்தும் போவார்கள் என்று அதைச் செய்தவர்களுக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தப்பான பதிவுன்னு மட்டும் போட்டுராதீங்கக்கா" என்றாள்.

நான் அந்த வரியிலிருந்து விரலை எடுத்தேன்.

"ஊருக்குப் போயிட்டான்னு போடுங்க."

போட்டேன். எந்த ஊர் என்று கேட்டது. கேட்கும் என்று நாங்கள் நினைக்கவில்லை.

"எம்.ரெட்டியபட்டி" என்றாள். அது அவள் பிறந்த ஊர். பிள்ளையை அங்கே கொண்டுபோய்த்தான் அடக்கம் செய்திருந்தார்கள்.

ஊர்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. அதைத் தேடி அழுத்தினேன். குரல் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி, அதே இனிப்போடு பேசியது.

"விவரங்கள் எம்.ரெட்டியபட்டிக்கு மாற்றப்பட்டன. இனி அந்த ஊர்ச் சுகாதாரப் பணியாளர் உங்கள் செல்லத்தைப் பார்த்துக்கொள்வார். புதிய ஊரில் நலமாக வளர வாழ்த்துகிறோம்."

திரை வெறுமையானது. என் மகன் அவள் மடியில் ஏறி உட்கார்ந்து போனைப் பிடுங்கப் பார்த்தான். அவள் அவனைத் தொடாமல் இரண்டு கைகளையும் விலக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அங்க நல்லாப் பாத்துக்கிருவாகளாக்கா?"

"பாத்துக்கிருவாக" என்றேன்.